வேலிக்குப் பின்னால் நூறு அடி

லியோனா குப்சாக் தன் தடத்தில் யாரையும் வழிதவற விட்டதில்லை. ஒருவரைக்கூட. இதைச் சொல்லிச் சொல்லியே டெர்ரி ஹாலோ ஊரில் பாதிப் பேர் காதைப் புண்ணாக்கி வைத்திருந்தாள். காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவள் பிழைப்பு. ரயில் நிலையத்துக்குப் பின்னால் தொடங்கிப் பைன் காட்டுக்குள் புகுந்து குளம் வரை போகிற மூன்று மைல் நடைத்தடம் அவள் உயிர். பத்தொன்பது வருஷமாக அந்த மூன்று மைலும் அவள் பொறுப்பு. விழுந்த மரத்தை அறுப்பாள், வழியை மறிக்கிற முட்கொடியை வெட்டுவாள், பியர் பாட்டிலைப் பொறுக்குவாள், பொறுக்கும்போதே அதைப் போட்டவனை வாயார வாழ்த்துவாள். அந்த வாழ்த்தை இங்கே எழுத முடியாது.

ஆனால் அவள் பெருமையெல்லாம் வெள்ளைக் குறிகளில்தான் இருந்தது. அந்தக் காட்டில் மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. மணல், கரிந்த மாதிரிப் பட்டை போட்ட பைன் மரங்கள், நெஞ்சுயரத்துக்குக் குட்டை ஓக் புதர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மூஞ்சி. இருபது அடி விலகிவிட்டால் வந்த வழி எதுவென்று பெரிய சூரனுக்கும் தெரியாது. அதனால் மரத்துக்கு மரம் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கும். ஒற்றைக் குறி என்றால் நேரே போகவேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் வளைவு வருகிறது என்று அர்த்தம். மேலே உள்ள குறி எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பவேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

அந்த வசந்தத்தில் தடத்துக்கே ஆபத்து வந்துவிட்டது. பாதித் தொலைவில் காடு ஓரிடத்தில் இடுங்கிவிடும். ஒரு பக்கம் நெடுஞ்சாலை. மறுபக்கம் பார்ட்ரிட்ஜ் தெருவின் பதினான்கு வீடுகளுடைய கொல்லைப்புறம். நடுவில் நூறடி அகலத்துக்கு ஒரு துண்டுக் காடு. ஊர்மன்றத்துக்குச் சொந்தமானது. நிலையத்துப் பக்கக் காட்டையும் குளத்துப் பக்கக் காட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது அது ஒன்றுதான். அதைத் தங்களுக்கே விற்றுவிட வேண்டும், மரத்தையெல்லாம் வெட்டித் தரையை வழித்துவிட்டால்தான் வீடுகள் தீயிலிருந்து தப்பும் என்று பதினான்கு வீட்டுக்காரர்களும் மனுக் கொடுத்திருந்தார்கள். மனு நிறைவேறினால் தடம் நடுவில் அறுந்துபோகும். லியோனாவுக்கு அந்த நினைப்பு வந்தாலே சோறு இறங்கவில்லை.

மனுவில் முதல் கையெழுத்து காஸ்பர் மிஸ்ட்ரெட்டாவினுடையது. தெருவின் முதல் வீடு அவருடையது. முப்பது வருஷம் ஊர்த் தீயணைப்புப் படையில் சம்பளமில்லாமல் உழைத்து, கேப்டனாக ஓய்வுபெற்றவர். தொண்ணூற்றைந்து ஆகஸ்டில் காடு பற்றிக்கொண்டு நெடுஞ்சாலையைத் தாண்டியபோது முன்வரிசையில் நின்றவர். அதற்குப் பிறகு அவர் பைன் மரத்தைப் பார்க்கிற பார்வையே வேறு. லியோனா அந்தப் பக்கம் போனால் வேலிக்கு மேலே அவர் தலை முளைத்துவிடும்.

"ஏம்மா லியோனா, உன் செல்லக் காடு எப்படி இருக்கு? இன்னும் எரியலையா?"

"எரிஞ்சா முதல்ல உனக்குத்தான்யா சொல்லி அனுப்புவேன். உனக்குத்தான் பொழுதே போகலையே."

"சிரி, சிரி. ஒரு பைன் மரம் பத்திக்கிட்டா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? நான் பார்த்தவன். பெட்டி நிறைய தீக்குச்சிய என் முதுகுக்குப் பின்னால வெச்சிட்டு, நீ அதுக்கு வெள்ளை அடிச்சு அழகு பாக்கறே."

"அதுக்குத்தானே வனத்துக்காரங்க அடியில கிடக்கற குப்பையக் கொஞ்சம் கொஞ்சமா எரிச்சு விடறோம்கறாங்க. ஒவ்வொரு தடவையும் போன் போட்டுக் குறுக்க நிக்கறது யாரு? நீதானே?"

"எரியாம இருக்கறதுக்கு எரிக்கணுமாம்! கேட்டுக்கோங்கய்யா இந்த நியாயத்த!"

கேட்டுக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கிறார்கள் என்று காஸ்பர் ஒருமுறை புகார் கொடுத்ததிலிருந்து, அந்த இடத்தில் தடத்தைவிட்டு ஓரடிகூட வேலிப்பக்கம் போகக்கூடாது என்று நடைச்சங்கம் கறாராகச் சொல்லியிருந்தது. லியோனாவும் போனதில்லை. நடுவில் ஓக் புதர் சுவர் மாதிரி நின்றதால் வேலியின் காலடியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

நடைச்சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மே மாதமும் ஒவ்வொரு தடத்திலும் 'அந்நியர் நடை' நடக்கும். அந்தத் தடத்தில் ஒருநாளும் கால்வைக்காத ஒருவர்தான் அன்றைக்கு முன்னால் நடக்கவேண்டும்; குறிகளை மட்டும் நம்பி நடக்கவேண்டும். தடத்தைப் பராமரிக்கிறவர் கடைசியில் வரவேண்டும். வாயைத் திறக்கக்கூடாது, கையைக் காட்டக்கூடாது, கனைக்கக்கூட கூடாது. அந்நியர் வழிதவறாமல் முடிவுக்குப் போய்ச் சேர்ந்தால் சங்கத்துப் பலகையில் பராமரிக்கிறவர் பெயருக்கு நேரே இருக்கிற எண்ணில் ஒன்று கூடும். தவறினாலோ, பராமரிக்கிறவர் வாயைத் திறந்தாலோ எண் பூஜ்யமாகிவிடும். லியோனாவின் பெயருக்கு நேரே பத்தொன்பது இருந்தது. அடுத்தவருக்கு ஆறு. சங்கத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் அவள் காபி குடிப்பாள்.

அந்த வருஷம் ஊர்மன்றத்துக் குழுவும் அந்நியர் நடைக்கு வருவதாகச் சொல்லிவிட்டது. மூன்று பேர். தலைவி மார்வா டில்லிங்ஹாம், முன்னாள் கணக்கு வாத்தியார், சிரிப்பு கொஞ்சம் சிக்கனம். சனிக்கிழமை கண்ணால் பார்ப்பது, செவ்வாய்க்கிழமை மனுவின்மேல் முடிவு எடுப்பது என்று ஏற்பாடு.

புதன்கிழமை பார்த்து வனத்துக்காரர்கள் வண்டு பிடித்த மரங்களை வெட்ட வந்தார்கள். பைன் பட்டைக்குள் புகுந்து மரத்தையே கொல்கிற வண்டு. ஒரு மரத்தை விட்டால் நூறுக்குப் பரவும், வெட்டியே ஆகவேண்டும். வெட்டியதில் ஒன்று, துண்டுக் காட்டுக்குள் நுழைகிற இடத்தில் நின்ற வளைவு மரம். லியோனாவின் இரட்டைக் குறியோடு சேர்த்துச் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வியாழக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு, பேருந்தைக் கொட்டகையில் போட்டுவிட்டு, குளத்துப் பக்கமிருந்து ஓட்டமும் நடையுமாக அவள் அந்த இடத்துக்கு வந்தபோது மணி நாலரை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெயின்ட் காய ஒரு மணிநேரமாவது வேண்டும்.

குறி போடுகிறவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது. போகிறவருக்கான குறியைப் போகும்போது போடு. வருகிறவருக்கானதை வரும்போது போடு. இரண்டையும் ஒரே நின்ற நிலையில் போடாதே. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு லியோனா முதலில் சொல்வதே இதைத்தான். அன்றைக்கு அவசரத்தில் அதை அவளே மீறினாள். வெட்டிய மரத்துக்குப் பக்கத்தில் நின்றதைப் புதிய வளைவு மரமாக்கினாள். குளத்திலிருந்து வருகிறவர் அதில் வலப்பக்கம் திரும்பவேண்டும். மேல்குறியைச் சரியாக வலப்பக்கம் தள்ளிப் போட்டாள். அப்படியே மரத்தைச் சுற்றி மறுபக்கம் வந்து, நிலையத்திலிருந்து போகிறவருக்கான குறியையும் போட்டாள். போகிறவர் இடப்பக்கம் திரும்பவேண்டும். ஆனால் கை முன்பு செய்ததையே செய்தது. மேல்குறி வலப்பக்கம் போய் உட்கார்ந்தது. ஓரங்களைக் கத்திபோல் கூராக்கி, இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து ரசித்துவிட்டு, மழைக்கு முன் வீடு போய்ச் சேர்ந்தாள்.

வலப்பக்கம் மான்கள் போட்ட ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. அது நேரே காஸ்பருடைய வேலிக் கதவில் போய் முட்டும்.

சனிக்கிழமை காலை வெயில் பொன்னாக அடித்தது. ஒன்பது பேர். எல்லோரும் உண்ணிக்குப் பயந்து காலுறையைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டிருந்தார்கள், மார்வா டில்லிங்ஹாம்கூட. முன்னால் நடந்த அந்நியர் டெஸ்மண்ட் ஒகோரோ, ஊருக்கு வந்து இரண்டு மாதமே ஆன மருந்துக்கடைக்காரர். மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் ஒவ்வொரு குறியையும் உரக்கப் படித்துக்கொண்டு போனார்.

"ஒற்றைக் குறி, நேரே. இன்னொரு ஒற்றை, நேரே. அடடா, என்ன அழகாப் போட்டிருக்காங்க!"

கடைசியில் வந்த லியோனாவுக்கு உச்சி குளிர்ந்தது. காலடியில் மணல் மெத்தென்று இருந்தது. மழை பெய்து ஓய்ந்த காட்டில் பைன் பிசின் மணம் தூக்கலாக இருந்தது. மார்வா ஓரிடத்தில் நின்று, ஒரு பூவைக் குனிந்து பார்த்து, உடன் வந்தவரிடம் ஏதோ சொன்னதைக்கூட லியோனா கவனித்தாள். இந்தப் பெண்மணிக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். தடம் தப்பித்துவிடும்.

"ரெட்டைக் குறி!" என்று டெஸ்மண்ட் முன்னாலிருந்து கத்தினார். "மேலது வலப்பக்கம். எல்லாரும் வலது!"

லியோனாவுக்கு முதலில் புரியவில்லை. வலதா? நிமிர்ந்து பார்த்தாள். அவள் கையால் போட்ட குறி, பளிச்சென்று, ஓரம் பிசகாமல், தப்பாக நின்றது.

வாயைத் திறந்தால் பத்தொன்பது வருஷம் பூஜ்யம். குழுவுக்கு முன்னால், காட்டைக் காப்பாற்ற வந்தவளுக்குத் தன் வழியே தெரியவில்லை என்றாகிவிடும். திறக்காவிட்டால் எல்லோரும் போய் நிற்கப்போவது காஸ்பர் வீட்டுக் கொல்லையில். வாயை மூடிக்கொண்டாள். விதிக்காக மூடினாள் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி வெட்கம்.

ஒற்றையடி குறுகிக்கொண்டே போனது. ஓக் கிளைகள் முகத்தில் அடித்தன. "அடுத்த குறியக் காணோமே" என்று டெஸ்மண்ட் முணுமுணுத்தார். அப்போதுதான் முன்னால் போன மார்வாவிடமிருந்து "ஐயோ!" என்று ஓர் அலறல் வந்தது.

அவர் முழங்கால்வரை உள்ளே போயிருந்தார். மணலுக்குள் அல்ல, சருகுக்குள். வேலி நெடுக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, பதினான்கு வீட்டுக்கும் பின்னால், இடுப்பளவுக்குச் சருகு மலைபோல் குவிந்து கிடந்தது. காய்ந்த புல், வெட்டிப் போட்ட வேலிச்செடி, உடைந்த மர நாற்காலி. நடுநடுவே காய்ந்து சிவந்துபோன கிறிஸ்மஸ் மரங்கள். ஒன்றில் இன்னும் ஜிகினா மின்னியது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சாசேஜ் வறுபடுகிற வாசனை வந்தது. "வாங்க, வாங்க! உங்களத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன்!" என்று காஸ்பரின் குரல் கேட்டது. தாழ்ப்பாள் கிரீச்சிட்டது. பல வருஷமாகத் திறக்காத கதவை அவர் உட்பக்கமாக இழுத்தார்.

கதவில் சாய்ந்திருந்த சருகு மொத்தமும் சரசரவென்று உள்ளே சரிந்தது. காஸ்பர் ஏப்ரனோடு, கையில் இடுக்கியோடு, முகச்சவரம் செய்து பளபளவென்று நின்றார். பின்னால் சீப்பு போட்டு வாரியது போன்ற புல்வெளி, மேஜை விரிப்பு, அடுக்கிவைத்த தட்டுகள். சருகு அவர் காலணியை மூடி, கணுக்காலை மூடி நின்றது. அதன்மேல் ஒரு கிறிஸ்மஸ் மரம் மெதுவாக வந்து சாய்ந்தது.

மார்வா ஒரு காலை உருவி எடுத்தார். பிறகு இன்னொரு காலை. "மிஸ்டர் மிஸ்ட்ரெட்டா, காட்டுச் சருகு எங்க வீட்டு முதுகுல குவிஞ்சு கிடக்குன்னு எங்களுக்குப் போட்டோ காட்டினது நீங்கதானே?"

"ஆமாம் மேடம். நான்தான்."

"இதுல ஒரு பைன் ஊசிகூட இல்லையே. மேப்பிள் இலையா இருக்கு. இந்தக் காட்டுல மேப்பிள் மரம் எங்க இருக்கு?"

காஸ்பர் திரும்பிப் பார்த்தார். அவர் கொல்லையில் மூன்று மேப்பிள் மரங்கள் அழகாகத் தளிர்த்து நின்றன. பாவம், மனிதர் பொய் சொல்லவில்லை. ஒவ்வோர் அக்டோபரிலும் இலையைக் கூட்டி, பழைய படுதாவில் கட்டி, வேலிக்கு மேலே வீசுவார். வீசியதும் கண்ணுக்கு மறைந்துவிடும். தெருவே அவரைப் பார்த்து வீசியது. அந்தப் பக்கம் போய் ஒருநாளும் யாரும் பார்க்கவில்லை. மாடி ஜன்னலிலிருந்து எடுத்த போட்டோவில் எல்லாம் காட்டுக் குப்பையாகத்தான் தெரிந்தது. இப்போது கண்ணுக்கு நேரே பார்த்தார். ஒரு தீக்குச்சி போதும், பதினான்கு வீடும் வரிசையாகப் போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி அங்கே யாருக்கும் தெரியாது. மனிதருக்கு மூஞ்சி செத்துப்போனது.

லியோனாவுக்கு உள்ளே குப்பென்று ஒரு சந்தோஷம் கிளம்பியது. அதை அவள் அனுபவிப்பதற்குள் மார்வா அவள் பக்கம் திரும்பினார்.

"மிசஸ் குப்சாக், இது தடம் இல்லைன்னு நினைக்கறேன்."

லியோனா உதட்டைக் கடித்தாள். நடை முடியும்வரை பேசக்கூடாது.

"எங்கள வேணும்னே இங்க கொண்டு வந்தீங்களா? இதக் காட்டறதுக்காக? அப்படின்னா வெளிப்படையா சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கலாம். இப்படித் தந்திரமா வந்தது எதையும் நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன். இன்னிக்கு நடந்த மொத்தத்தையும் தள்ளி வெச்சிட்டு, மனுவ மனுவாத்தான் பார்ப்போம்."

பத்தொன்பது போனால் போகட்டும் என்று லியோனா வாயைத் திறந்தாள்.

"தந்திரம் இல்லீங்க. தப்பு. குறிய நான் மாத்திப் போட்டுட்டேன். இடது போடவேண்டியது, வலது போட்டுட்டேன்."

சங்கத்துக்காரர்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் சிரித்தேவிட்டார். "நீங்களா? தப்பாவா? போங்க லியோனா. அரை அங்குலம் பிசகினா எங்கள உண்டு இல்லைன்னு பண்ற ஆளு நீங்க."

"சத்தியமா சொல்றேன், தப்புதான்."

"அவங்களே நம்பலையே" என்றார் மார்வா.

இப்படியும் ஒரு சோதனை வருமா! வருஷக்கணக்காக ஊரெல்லாம் அடித்த தம்பட்டம் இன்றைக்கு அவள் கழுத்தையே பிடித்தது. தான் ஒரு முட்டாள் என்று நிரூபிக்க ஒரு சாட்சி இல்லாமல் லியோனா தவித்தாள். கண்ணில் நீர் முட்டியது. சாட்சி சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர். அவர் பேசாமல் இருந்தால் போதும், அவர் கேட்ட நிலம் அவர் கைக்கு வந்துவிடும்.

காஸ்பர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"அவ சொல்றது நிஜம், மேடம். வியாழக்கிழமை சாயங்காலம் நான் ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அந்தப் பக்கத்துக் குறியப் போட்டா, அப்படியே சுத்தி வந்து இந்தப் பக்கமும் அதே மாதிரி போட்டா. போட்டுட்டுத் தலையச் சாய்ச்சு ரசிச்சா பாருங்க, எனக்குச் சிரிப்பு தாங்கல. தினமும் பார்க்கறவன், எனக்குத் தெரியாதா? இடது போகணும்."

"தெரிஞ்சும் சொல்லலையா நீ!" என்று லியோனா பாய்ந்தாள்.

"எதுக்குச் சொல்லணும்? எல்லாரும் என் கொல்லைக்குத்தான் வந்து நிப்பாங்கன்னு தெரிஞ்சுது. மேடத்த உட்கார வெச்சு, நல்லா சாப்பாடு போட்டு, என் தரப்பு நியாயத்த எடுத்துச் சொல்லலாம்னு இருந்தேன். காலைலேர்ந்து புல்லு வெட்டினேன், மேஜை துடைச்சேன். வேலிக்கு இந்தப் பக்கம்தான் பார்த்தேன். அந்தப் பக்கத்தப் பார்க்கணும்னு தோணவே இல்ல." காலை மூடிய சருகைக் குனிந்து பார்த்தார். "முப்பது வருஷம் தீயணைப்புல இருந்தவன். எனக்குத் தோணல, மேடம். வெட்கமா இருக்கு."

மார்வா டில்லிங்ஹாம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தன் காலுறையில் ஒட்டியிருந்த ஜிகினாவைப் பிய்த்தெடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சாசேஜ் கருகுது" என்றார்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். சாசேஜும் வறுத்த குடைமிளகாயும் நீள ரொட்டிக்குள் வைத்துக் காஸ்பர் தானே பரிமாறினார். அந்தச் சாப்பாட்டைக் குறைசொல்ல முடியாது; லியோனாவே இரண்டு தின்றாள். டெஸ்மண்ட் மட்டும், "அப்போ நான் வழிதவறினதாக் கணக்கா இல்லையா?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

செவ்வாய்க்கிழமை மனு தள்ளுபடியானது. துண்டுக் காடு ஊரிடமே இருக்கும். பதினான்கு வீட்டுக்காரர்களும் தாங்கள் வீசியதைத் தாங்களே அள்ளவேண்டும். அள்ளி முடித்தபின் வனத்துக்காரர்கள் அங்கே முறைப்படி தரைத்தீ வைத்துச் சுத்தம் செய்வார்கள். அதே நாள் சங்கத்துப் பலகையில் லியோனாவின் பெயருக்கு நேரே பூஜ்யம் எழுதினார்கள். அவள் அன்றைக்கு வேறொரு சுவரோரமாக நின்று காபி குடித்தாள்.

அதற்கு முன்பே, அந்தச் சனிக்கிழமை பிற்பகலிலேயே, சுரண்டியும் பெயின்ட் டப்பாவுமாக அவள் மரத்துக்குப் போயிருந்தாள். வேலிக்கு மேலே தலை முளைத்தது.

"இடது. உனக்கு எது இடதுன்னு தெரியுமில்ல? சோத்துக்கைக்கு எதிர்க்கை."

"யோவ் காஸ்பர், வந்தேன்னா பெயின்ட மூஞ்சில அடிச்சிடுவேன்."

"அடி. ஆனா இடப்பக்கமா அடி."

சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் சுரண்டினாள். முடியவில்லை.

சருகு அள்ள ஜூன் முழுக்க ஆயிற்று. கிறிஸ்மஸ் மரங்கள் மட்டும் முப்பத்தொன்று. மறுவருஷம் மார்ச் கடைசியில், காற்றும் ஈரமும் தோதாக அமைந்த ஒருநாள், வனத்துக்காரர்கள் தரைத்தீ வைத்தார்கள். காஸ்பர் யாருக்கும் போன் போட்டுக் குறுக்கே நிற்கவில்லை. அதற்குப் பதிலாகப் பழைய தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, தோட்டத்துக் குழாயைக் கையில் பிடித்தபடி, காலையிலிருந்து மாலைவரை வேலியோரம் நின்றார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. யாரும் போகவும் சொல்லவில்லை. தீ முழங்கால் உயரத்துக்கு ஊர்ந்துபோய் மணலில் அடங்கியது.

மே கடைசியில் அந்நியர் நடை வந்தது. இந்தத் தடத்தில் ஒருநாளும் கால்வைக்காத ஆள் வேண்டுமே என்று சங்கத்தில் தேடினார்கள். குழுவும் சங்கமும் டெஸ்மண்டும் ஏற்கெனவே நடந்துவிட்டார்கள். அப்போதுதான் லியோனாவுக்கு ஞாபகம் வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் இருபத்திரண்டு வருஷம் குடியிருந்து, தடத்தில் ஓரடிகூட நடக்காத ஒரு மனிதர் இருக்கிறார்.

காஸ்பர் காலுறையைக் கால்சட்டைக்கு மேல் இழுத்துவிட்டு, கேப்டன் நடையில் முன்னால் போனார். லியோனா கடைசியில், வாயை மூடிக்கொண்டு. வளைவு மரத்தடியில் அவர் நின்றார். குறியைப் பார்த்தார். வலப்பக்கம் தெரிந்த தன் வேலியைப் பார்த்தார். திரும்பி, வரிசையின் கடைசியில் நின்ற லியோனாவைப் பார்த்தார்.

"ரெட்டைக் குறி" என்றார். "மேலது..." தாடையைச் சொறிந்தார். "மேலது வந்து..."

படுபாவி, வேண்டுமென்றே செய்கிறான் என்று லியோனாவுக்கு இரத்தம் கொதித்தது. ஒரு சொல் சொல்ல முடியாதே!

"இடது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். முன்னால் போன முதுகு குலுங்கியதைப் பார்த்தால் சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

வளைவுக்கு அப்பால் தீ போன தரை. ஓக் புதர்களின் கரிக்குச்சிகளுக்கு அடியிலிருந்து செந்தளிர் கிளம்பியிருந்தது. பைன் மரங்கள் அடி கருத்து நின்றன. அந்தக் கரிப் பட்டையிலிருந்தே, கிளையுமில்லாமல் ஒன்றுமில்லாமல், பச்சைப்பசேலென்று ஊசித்தளிர் கொத்துக்கொத்தாக வெடித்து வந்திருந்தது. காஸ்பர் நின்றுவிட்டார். இந்த முறை விளையாட்டுக்கு இல்லை. ஒரு மரத்தருகே போய், கரிப்பட்டையில் முளைத்த தளிரை ஒரு விரலால் தொட்டார். விரலில் கரி ஒட்டியது.

"இது செத்துப்போகலையா?" என்றார். அவரே தொடர்ந்து பேசினார். "தொண்ணூத்தஞ்சுல அணைச்சு முடிச்சதும் குழாயச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிட்டோம். எல்லாம் கரி. எல்லாம் போச்சுன்னு அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் அழுதேன். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு திரும்பி வந்து பார்க்கவே இல்ல. ஒருதடவகூட."

அவர் கண் கலங்கியிருந்தது. லியோனாவுக்கும்தான். இந்த மரத்தைப் பற்றி, கரிக்குள் இருந்து அது எப்படி எழுந்து வருகிறது என்பதைப் பற்றி, இருபது வருஷமாக வேலிக்கு மேலே கத்திக்கத்திச் சொன்னதெல்லாம் நெஞ்சுக்குள் முட்டியது.

"ஏம்மா லியோனா, எப்பவும் வாய் ஓயாம பேசுவியே. இப்ப ஏதாவது சொல்லேன்."

லியோனா உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

காஸ்பர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் கரி இழுபட்டது. தலையைத் தூக்கி அடுத்த மரத்தைத் தேடினார்.

"சரி, சரி. ஒற்றைக் குறி" என்றார். "நேரே."